காய்ச்சல் விடாத மண்

காய்ச்சலில் போன ஆறு வயது மகளைப் புதைத்த மூன்றாம் நாள், தங்கபுஷ்பமும் அவள் புருஷன் சிங்காரவேலுவும் இடுகாட்டுக்குப் பால் ஊற்றப் போனார்கள். மேட்டில் கை வைத்த தங்கபுஷ்பம் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“சுடுதுங்க. பிள்ளைக்கு இன்னும் காய்ச்சல் விடல. டாக்டர் சரியாத்தான் பாத்தாரா?”

சூட்டின் காரணம் சிங்காரவேலுவுக்குத் தெரியும். மதிலுக்கு அப்பால் நிற்கும் நாற்பது மாடிக் குடியிருப்பில் பம்பு பார்ப்பவன் அவன். அத்தனை வீட்டு ஏசியும் கக்கும் வெக்கையை அஸ்திவாரக் குழாய்கள் வழியே மண்ணுக்குள் இறக்குவதுதான் அவன் வேலை. குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் கட்டினார்கள். சென்னையில் குளிர்காலம் ஏது? இருபத்தைந்து வருஷச் சூடு அப்படியே கிடக்கிறது.

“அது எங்க பில்டிங் சூடு, தங்கம். இந்த இடம் பூரா இப்படித்தான் இருக்கும்.”

“அப்போ பக்கத்து மேட்டத் தொட்டுப் பாருங்க.”

தொட்டான். அதுவும் சுட்டது. “நான்தான் சொன்னேன்ல?” என்றபடி திரும்பி வந்து, மகளின் மேட்டில் உள்ளங்கையை அழுத்தினான்.

இது கொஞ்சம் கூடுதலாகச் சுடுவதுபோல் இருந்தது.

பால் செம்பை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அவன்தான் முதலில் தோண்ட ஆரம்பித்தான்.