சிங்கப்பூரில் மழை

தமயந்தி மதுரையில் தன் அறையிலிருந்தே மெய்நிகர் விமானம் ஓட்டுகிறவள். அவளுடைய பயணிகள் எல்லாரும் திருநெல்வேலி டயாலிசிஸ் வார்டில் விஆர் கண்ணாடி மாட்டிப் படுத்திருப்பவர்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நாலு மணி நேரம். ரத்தம் சுத்தமாவதற்கும் அதே நாலு மணி நேரம்.

சிங்கப்பூர் கட்டடங்கள் தெரியத் தொடங்கியபோது வார்டு நர்ஸ் ஜெசிந்தா ஹெட்போன் வழியே அவள் காதில் பதறினாள். "மேடம், அருளப்பன் சாருக்கு இன்னிக்கு லேட்டாதான் மெஷின் போட்டோம். இன்னும் இருபது நிமிஷம் ஆகும்."

போன வாரம் விமானம் தரையைத் தொட்டதுமே, ஊர் வந்துவிட்டதென்று அருளப்பன் ஊசியைப் பிடுங்கப் பார்த்தார்.

தமயந்தி மெய்நிகர் விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையை அழைத்தாள். "இறங்காம வட்டமடிக்க அனுமதி வேணும். பயணிக்கு உடம்பு சரியில்லை."

"உடம்பு சரியில்லேன்னா உடனே இறக்கணும்னுதான் விதி, கேப்டன்."

"இவரை இறக்கினாத்தான் சார் ஆபத்து!"

அதிகாரி விதிகளைப் புரட்டிப் பார்த்தார். "மோசமான வானிலைன்னா வட்டமடிக்கலாம். இருங்க, மழை பெய்ய வைக்கிறேன்."

ஜன்னலெல்லாம் மழை வழிந்தது. அருளப்பன் பக்கத்துக் கட்டில்காரருக்கு மழையைக் கூவிக் கூவிக் காட்டினார். இருபது நிமிஷம் முடிந்து ஜெசிந்தா ஊசியை எடுத்தது அவருக்குத் தெரியவேயில்லை.

"இறங்கலாமா சார்?" என்று தமயந்தி அருளப்பனிடம் கேட்டாள்.

"என்னம்மா அவசரம்? இன்னொரு ரவுண்டு போ!"