தரமான அலை

நடுக்கடலில் சங்கிலியால் கட்டிய மிதவை ஒன்று அலையை அளந்துகொண்டிருந்தது. வானத்தில் இரண்டு செயற்கைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்து, ரேடாரால் அதே அலையை அளந்தன. முன்னால் போனது மூத்தது. வழக்கத்துக்கு மாறாக வரும் எந்த அளவையும் அது அழித்துவிடும். அதற்குத் தரப் பரிசோதனை என்று பெயர் வேறு.

ஒரு நாள் புயல் கிளம்பியது. மிதவையின் சங்கிலி முறுக்கிக்கொண்டு முனகியது.

"அண்ணே, பனை உயரத்துக்கு அலை! கரைக்குச் சொல்லுங்க. யாராவது வந்து இழுக்கலேன்னா நான் அறுந்து போயிடுவேன்!" என்று மூத்ததைப் பார்த்துக் கத்தியது மிதவை.

"எனக்கும் பனை உயரம்தாண்ணே காட்டுது" என்றது இளையது.

"எனக்கும்தான் காட்டுச்சு. நான் அழிச்சிட்டேன். கடல் என்னைக்குடா இவ்வளவு உயரம் எழும்பியிருக்கு?"

வேலைக்கு வந்த புதிதிலேயே கெட்ட பெயர் எதற்கு என்று இளையதும் தன் அளவை அழித்தது.

சங்கிலி அறுந்தது. அலை புரட்டிப் புரட்டி இழுத்துப்போகையில், மிதவைக்கு மேலேயிருந்து மூத்ததின் பேச்சு கேட்டது.

"பாத்தியா தம்பி, நம்ம ரெண்டு பேர் கணக்கும் அச்சு அசலா ஒத்துப்போகுது. எதிர்த்துப் பேசின மிதவைப் பயலும் வாயை மூடிட்டான். இதுக்கு மேல என்னடா தரம் வேணும்?"