காற்றாலை மாப்பிள்ளை

மகன் ராபினுக்குப் பெண் பார்க்க அவனையும் கூட்டிக்கொண்டு தாடிக்கொம்புக்கு வந்திருந்த டெய்சிக்கு உள்ளூர உதறல். மாப்பிள்ளை காற்றாலைப் பண்ணையில் டவர் ஏறுகிறவன் என்றதுமே இதற்கு முன் மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. இந்தப் பெண் ஐரின் இன்ஜினியர் என்று தரகர் சொன்னதைத் தவிர, டெய்சிக்கு வேறெதுவும் தெரியாது.

எதையும் மறைக்க வேண்டாம் என்று டெய்சியே ஆரம்பித்தாள்.

“எம்மகன் இருபத்தஞ்சு மாடி உயரம் ஏறுறவன்மா. அம்புட்டு உசரத்துல காத்து ஆளையே தள்ளும். அவன் வீடு திரும்புற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. நாளைக்கு நீயும் இப்படித்தான் பயந்துக்கிட்டுக் கெடக்கணும். யோசிச்சுச் சொல்லு.”

ஐரின் யோசிக்கவில்லை.

“எனக்குப் பயமில்ல அத்தை.”

“கண்ணால பாக்காத வரைக்கும் அப்படித்தான் இருக்கும்.”

“ரெண்டு வருசமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அவரு சேஃப்டி பெல்ட்டை இழுத்துப் பாத்து, ஏறலாம்னு கையெழுத்துப் போடுற இன்ஜினியரே நாந்தான். பல நாள் அவருக்கு முன்னாடி நானே மேல ஏறியிருக்கேன்.”

டெய்சி திரும்பி மகனைப் பார்த்தாள். தரகரை இந்த வீட்டுக்கு அனுப்பியதே ராபின்தான் என்பது அவன் சிரிப்பிலேயே தெரிந்தது.

“ஃபாதர்கிட்ட இன்னைக்கே தேதி கேட்டுருவோம்” என்றாள் டெய்சி, ஐரினின் கையைப் பிடித்துக்கொண்டு.