டவல் கம்பி

"விரிசல் விட்டிருக்குன்னு சொல்லிடுங்க."

குளியலறைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, மருமகள் கிசுகிசுத்தாள்.

பிளம்பர் நிமிர்ந்து பார்த்தார். அந்தத் தெருவில் அவருக்கு 'இன்னும் ஓடும்' என்றுதான் பெயர். குழாயோ மோட்டாரோ, எதைக் காட்டினாலும் தட்டிப் பார்த்து, "இன்னும் ஓடும்" என்பார். தேவையில்லாமல் ஒரு வாஷர்கூட மாற்றமாட்டார்.

"எங்கம்மா விரிசல்? மூணு தடவை பார்த்துட்டேன்."

உண்மைதான். டேங்கில் நீல மை விட்டுக் கால்மணி நேரம் காத்திருந்தார். டாய்லெட் கோப்பைக்குள் ஒரு சொட்டு நீலம் இறங்கவில்லை. இரண்டு கையாலும் ஆட்டினார், அசையவில்லை. டார்ச் அடித்து அடிப்பக்கமெல்லாம் விரலால் தடவினார். மயிரிழைக் கீறல் இல்லை.

"இருபது வருஷச் சாமான். இன்னும் பத்து வருஷம் ஓடும்."

"ஓட வேண்டாங்க. புதுசு வாங்கி வச்சுட்டேன்."

வாசலில் ஆள் உயரத்தில் பாதிக்கு ஓர் அட்டைப்பெட்டி நின்றது.

கூடத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "என்ன தம்பி, மகாராணிக்குப் பழைய சிம்மாசனம் பிடிக்கலையாமா? ஊரைக் கூட்டி உட்கார வைக்கிற இடமா அது?"

மருமகள் காதில் வாங்காதவள் போல நின்றாள்.

பிளம்பர் பையை மூடினார். "எனக்குப் பொய் வராதும்மா. வேற ஆளைப் பாரு."

"வேற யார் சொன்னாலும் அத்தை நம்பமாட்டாங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க."

"அதனாலதான் சொல்ல மாட்டேன்."

அவள் சுவரைக் காட்டி, "சரி, அந்த டவல் கம்பியையாவது மாட்டிட்டுப் போங்க" என்றாள்.

கோப்பைக்குப் பக்கத்துச் சுவரில் கம்பி ஒரு முனையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"போன மாசம்தானே மாட்டினேன்?"

"இது நாலாவது தடவை."

போன தடவை நீள ஸ்க்ரூ போட்டிருந்தார். 'இவ ஈரத்துணியை மலை மாதிரி குவிச்சா எந்தக் கம்பிதான் நிக்கும்?' என்று அன்றைக்கு மாமியார் சொன்னது நினைவுக்கு வந்தது.

வசதிக்காகக் கோப்பையின் மூடிமேல் உட்கார்ந்து பார்த்தார். ஸ்க்ரூ கழன்றிருக்கவில்லை. சுவர்ப் பூச்சையே பெயர்த்துக்கொண்டு வந்திருந்தது. ஈரத்துணி இப்படிப் பிடுங்குமா?

யோசித்துக்கொண்டே எழுந்தார். முழங்கால் 'மளுக்'கென்றது. அவரைக் கேட்காமலே கை போய் அந்தக் கம்பியைப் பிடித்தது.

பிடித்த கை பிடித்தபடியே நின்றது.

மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எழுந்திரிக்க முடியலைன்னு அத்தை ஒத்துக்க மாட்டாங்க. உயரமானதா மாத்தலாம்னா, 'என்னைக் கிழவியாக்கப் பார்க்கிறியா'ன்னு சண்டைக்கு வருவாங்க. அடிக்கடி போகணுமேன்னு இப்பல்லாம் தண்ணியே குடிக்கிறதில்ல."

பிளம்பர் கம்பியைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தார். அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அம்மா... அடியில விரிசல் விட்டிருக்கு. இனி ஓடாது."

மாமியார் அவரை ஒரு நொடி உற்றுப் பார்த்தார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். "நல்லா இருந்த சாமான். நீ தொப்பு தொப்புனு உட்கார்ந்து உடைச்சுட்டே!"

ஊதினால் பறந்துவிடுவது போலிருந்த மருமகள், "ஆமா அத்தை, என் தப்புதான்" என்றாள்.

மறுநாள் பிற்பகல், மாட்டிய புதுக் கோப்பையில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கப் பிளம்பர் மறுபடி வந்தார். மாமியார் அப்போதுதான் குளியலறையிலிருந்து வெளியே வந்தார்.

"கொஞ்சம் உயரமா இருக்கே தம்பி?"

"இப்பல்லாம் இதுதாம்மா வருது." இரண்டாவது பொய் கொஞ்சம் சுலபமாகவே வந்தது.

மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஏம்மா, தாகமா இருக்கு. தண்ணி கொண்டா. டம்ளர் வேண்டாம், சொம்போட கொண்டா."

மருமகள் சமையலறைக்கு ஓடினாள்.

அவள் தலை மறைந்ததும் மாமியார் பிளம்பரைக் கிட்டே கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது.

"பொய் சொல்ல உனக்குச் சுத்தமா வரலைப்பா. ஆனா, நான் நம்பிட்டேன்னே அவகிட்ட சொல்லு. எனக்காகத்தானே பாவம் இத்தனை பேச்சு வாங்கினா!"