இரட்டைப் பள்ளம்

அந்த இரட்டைப் பள்ளம் இன்றைக்கும் வந்திருந்தது.

அவள் திரையை முறைத்தாள். தட்டில் எதையும் உறையவைக்காமல் இரவு முழுக்கக் கருவி தானாக எடுத்த வெற்று அளவீடு அது. கோடு மேசை மாதிரித் தட்டையாகக் கிடக்க வேண்டும்.

விண்மீன்களுக்கு நடுவே மிதக்கும் தூசியில் கரியமில வாயு பனியாக ஒட்டியிருக்கிறது. பின்னாலிருக்கும் விண்மீனின் அகச்சிவப்பு ஒளியில் அது ஒரு துண்டைத் தின்றுவிடும். கோட்டில் பள்ளம் விழும். தொலைநோக்கி பார்த்த அந்தப் பள்ளத்துக்கு ஜோடி தேடித்தான் இந்த வெற்றிடப் பெட்டிக்குள் அவள் அதே பனியைச் செய்து பார்க்கிறாள்.

பனி என்றால் ஒற்றைப் பள்ளம். வாயுவாகவே இருந்தால் இரட்டை.

அப்படியானால் அறைக் காற்று ஒளியின் பாதையில் புகுகிறது. எங்கோ ஓட்டை. இன்றைக்குள் அகப்படாவிட்டால் பெட்டியைப் பிரித்தாக வேண்டும். மறுபடி பூட்டிக் குளிரவைப்பதற்குள் இன்னொரு ஆய்வகம் முந்திக்கொள்ளும். அவள் உழைப்பு அம்போ.

"மெஷினுக்கு வயசாச்சும்மா, மூச்சு வாங்குது," என்று மெக்கானிக் நக்கலடித்துவிட்டுப் போயிருந்தார்.

மூச்சு இந்த அறையில் விளையாட்டு இல்லை. நாம் விடுவதும் அதே கரியமில வாயுதான். மூடியைத் திறந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது ஆய்வகத்தை நடத்தும் சார் போட்ட சட்டம். மறந்துபோய்த் தும்மிய ஒருவனை ஒரு வாரம் உள்ளேயே விடவில்லை அவர்.

பள்ளத்தின் ஆழம் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று வரைந்து பார்த்தாள்.

மாலையில் எல்லோரும் கிளம்பியதும் குறைகிறது. ஊர் அடங்கியபின் ஏறத் தொடங்குகிறது. விடியும்வரை ஏற்றம்தான்.

நடுவில் மட்டும் ஒரு சின்ன இறக்கம்.

முந்தின இரவும் அப்படியே. அதற்கு முந்தினதும். பயம் போய் அவளுக்கு ஒரு நமைச்சல் பிடித்துக்கொண்டது.

பெட்டிக்கு வெளியேயும் ஒளி கொஞ்சதூரம் அறைக் காற்றில் போகிறது; அங்கே வாயு கூடினாலும் இதே பள்ளம்தான். ஓட்டைக்குக் கடிகாரம் தெரியாது. பாதித் தூக்கத்தில் எழுந்து, கதவைத் திறந்து, கழிவறைக்குப் போய்விட்டு வந்து மறுபடி படுக்கவும் தெரியாது.

கதவு திறந்தது. சார். தலை ஈரம், நேற்றைய சட்டை.

"என்னம்மா, ஓட்டை கிடைச்சுதா? இல்ல பிரிச்சுடலாமா?"

அவள் திரையை அவர் பக்கம் திருப்பவில்லை.

"பிரிக்க வேண்டாம் சார். ராத்திரி நீங்க பக்கத்து ரூம்ல படுத்துக்கோங்க, போதும்."