காந்தம் தொட்ட இடம்

"காந்தம் வச்சுப் பாத்தீங்களா?" என்று கல் ஆய்வுக்கூடத்துப் பெண் ஆய்வாளர் கேட்டதும் கடிகாரக்காரருக்குச் சுருக்கென்றது.

கைக்கடிகாரம் பழுதுபார்த்தே தலை நரைத்தவர். ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் கடிகாரம் தறிகெட்டு ஓடும் என்று, ஒரு பொம்மைக் காந்தத்தைக்கூடத் தன் மேஜையை அண்டவிடாதவர். அவரிடம் போய் இப்படி ஒரு கேள்வி.

மொட்டைமாடித் தகரத்தைப் பொத்துக்கொண்டு விழுந்த அந்தக் கரிய கல்லை மரப்பெட்டியில், பஞ்சுக்குள், கைக்குழந்தை மாதிரி வைத்திருந்தார். சூரியன் பச்சைப்பிள்ளையாக இருந்தபோது அதைச் சுற்றி எப்படிப்பட்ட காந்தப்புலம் இருந்தது என்பதை இந்த மாதிரிக் கற்கள் பதிந்து வைத்திருக்குமாம். எங்கோ படித்திருந்தார். அதைத் தெரிந்துகொள்ளாமல் கண்மூடக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

தையல் வேலை செய்யும் அவர் மனைவிக்கோ அது வெறும் ஜல்லி. "பக்கத்துக் கட்டடத்துலேர்ந்து விழுந்ததைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுறாரு" என்று துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். இன்றும் அவர் மூக்கு உடைபடுவதைப் பார்க்கத்தான் கூட வந்திருந்தாள்.

"விண்கல்தான் சார், சந்தேகமே இல்ல. ஆனா பழைய பதிவு அழிஞ்சுபோச்சு. விண்கல்னா ஒட்டும்னு கேள்விப்பட்டு யாரோ காந்தம் வச்சுப் பாத்திருக்காங்க."

ஆய்வாளர் திரையைத் திருப்பிக் காட்டினார். கல்லின் எல்லாப் பக்கத்திலும் சிவப்பும் நீலமுமாக ஜோடி ஜோடியாகப் புள்ளிகள். காந்தத்தின் இரண்டு முனைகளும் தொட்ட தடம். ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு புள்ளிக்கும் நடுவே அதே கட்டைவிரல் அகலம்.

கடிகாரக்காரருக்கு அழுகை முட்டியது. எந்தப் பாவி செய்த வேலை இது?

அந்த இடைவெளியை எங்கேயோ பார்த்திருக்கிறார்.

தரையில் சிந்திய குண்டூசிகளைப் பொறுக்கும் லாடக் காந்தம். தையல் மெஷின் இழுப்பறையை விட்டு அது வெளியே வரக் கூடாது என்பது கல்யாணமான புதிதில் அவர் போட்ட சட்டம்.

மெல்லத் திரும்பினார்.

மனைவி திரையைப் பார்க்கவில்லை. விண்கல்தான் என்று சொன்ன நொடியிலிருந்து கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள், முகமெல்லாம் பூரிப்பாக. கை மட்டும் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தது.

"நான்தாம்மா வச்சுப் பாத்தேன்" என்றார் கடிகாரக்காரர், ஆய்வாளரிடம். "ஒரு தடவைக்கு நாலு தடவையா."