தாளை விட்டுப் போனவர்

உலகம் அறியட்டும்: 1941-இல் பாப்பிரெட்டிப்பட்டியில் பொம்மைப்படக் கலை அவதரித்தது! சேலத்து ஸ்டுடியோவில் ஓவியர் வேலை கேட்பதற்காக, உள்ளூர் விவசாயி தீர்த்தகிரி கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே, நடப்பதுபோலத் தாள் தாளாக வரைந்தார். அடுக்கிப் புரட்டியபோது உருவம் நடந்தது. ஓரம்வரை நடந்து தாளை விட்டே போய்விட்டது. அப்புறம் எல்லாமே வெற்றுத்தாள்.

"காட்டு வேலைய வுட்டுட்டு வெள்ளத்தாளப் பொரட்டறீங்களா?" என்றாள் மனைவி சாலம்மாள்.

மறுபடி வரைய உட்கார்ந்தார். கண்ணாடியில் யாரும் இல்லை.

வாரச்சந்தைக்கு வந்த மச்சினன் மாதேஸ் குறைப்பட்டுக்கொண்டான்.

"ஏனுங்க மாமா, நேத்து சேலத்துல கூப்பிடக் கூப்பிடத் திரும்பாம ஸ்டுடியோவுக்குள்ள போயிட்டீங்க. வேலை கெடைச்சதும் அவ்வளவு ராங்கியா?"

தீர்த்தகிரி ஊரைவிட்டு நகரவே இல்லை.

ஸ்டுடியோவில் ஓவியருக்கு இருந்ததே ஒரே ஒரு காலியிடம்தான்.